ஹனிமூன் எங்கே? ஊருக்கு முன்னாடி மாசத்தைப் பாருங்க!



நிச்சயதார்த்தம் முடிஞ்ச அடுத்த வாரமே மொபைல்ல ஹனிமூன் பேக்கேஜ் விளம்பரம் வர ஆரம்பிச்சிடும். மாலத்தீவு, பாலி, அந்தமான், மூணாறு... எல்லா போட்டோவிலும் வானம் நீலமா இருக்கும், கடல் அதைவிட நீலமா இருக்கும். அந்த போட்டோ எந்த மாசம் எடுத்ததுன்னு மட்டும் விளம்பரத்துல இருக்காது.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வேலை பார்க்கிற பெரும்பாலான இளைஞர்களுக்கு கல்யாணச் செலவை வீட்டுல பார்த்துக்குவாங்க. ஹனிமூன் செலவு மட்டும் நம்ம சம்பளத்துல இருந்து போகும். ரெண்டு பேரும் சேர்ந்து எடுக்கிற முதல் பெரிய பண முடிவு இதுதான். அதனால இதை ஒரு சின்ன பாடமாவே பார்த்துடலாம். கடன் வாங்காம, மழையில மாட்டாம, நல்ல இடத்துக்குப் போயிட்டு வர்ற வழி என்னன்னு பார்ப்போம்.

1. ஏன் மாசம் முதல்ல?

நம்ம ஊர், கேரளா, இலங்கை, மாலத்தீவு, தாய்லாந்து, பாலி எல்லாமே வெப்பமண்டலப் பகுதி. இங்கே பனிக்காலம், வசந்தகாலம்னு பெரிய வித்தியாசம் கிடையாது. மழைக்காலமா, மழை இல்லாத காலமா, அவ்வளவுதான் கேள்வி. ஒரே கடற்கரை ஜனவரியில கண்ணாடி மாதிரி இருக்கும், ஜூலையில படகே இறங்காது.

விலையும் இதைத்தான் பின்தொடரும். மழை இல்லாத மாசத்துல ரூம் வாடகை ஏறும், மழை மாசத்துல "50% தள்ளுபடி"ன்னு விளம்பரம் வரும். அந்தத் தள்ளுபடியைப் பார்த்து சந்தோஷப்படறதுக்கு முன்னாடி அது எதுக்காகக் கொடுக்கறாங்கன்னு யோசிக்கணும்.

நம்ம பக்கம் ஆடி, புரட்டாசி, மார்கழியில முகூர்த்தம் வைக்க மாட்டாங்க. மீதி மாசங்கள்லதான் கல்யாணம். தேதியை ஜோசியரும் பெரியவங்களும் மண்டபமும் சேர்ந்து முடிவு பண்ணிடறாங்க. ஆக, உங்க கையில இருக்கிற கேள்வி "உலகத்துலயே அழகான இடம் எது?" என்பது கிடையாது. "எங்க முகூர்த்தத்துக்கு அடுத்த வாரம் எங்கே வானம் தெளிவா இருக்கும்?" என்பதுதான்.

2. முகூர்த்த மாசமும் பொருத்தமான இடமும்

தை, மாசி (ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை): ஹனிமூனுக்கு ரொம்ப வசதியான காலம். கேரளா, கோவா, அந்தமான், மாலத்தீவு, இலங்கையின் தெற்கு, மேற்குக் கடற்கரை எல்லாமே நல்லா இருக்கும். கூட்டமும் விலையும் அதிகம், முன்கூட்டியே புக் பண்ணணும். பாலி மட்டும் வேண்டாம். அது பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கறதால நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே மழைக்காலம்.

சித்திரை, வைகாசி (ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை): ஊட்டி, கொடைக்கானல் சீசன். பள்ளி விடுமுறைக் கூட்டத்தோட நீங்களும் போவீங்க. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இந்த ரெண்டு ஊருக்கும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும். 2025 சீசன்ல ஊட்டிக்கு வார நாள்ல 6,000 வண்டி, வார இறுதியில 8,000 வண்டின்னு உச்சவரம்பே வந்தது. கேரளாவுல பருவமழை வழக்கமா ஜூன் 1 வாக்குல தொடங்கும். மாலத்தீவு, அந்தமான்ல மே மாசமே மழை வந்துடும். இந்த நேரத்துல பாலியும் இலங்கையின் கிழக்குக் கடற்கரையும் நல்லா இருக்கும்.

ஆனி, ஆவணி (ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரை, அப்புறம் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை): தென்மேற்குப் பருவமழை முழு வேகத்துல இருக்கும். வால்பாறை, மூணாறு, வயநாடு எல்லாம் பச்சைப்பசேல்னு இருக்கும், ஆனா மண்சரிவு பயமும் உண்டு. வயநாட்டுல முண்டக்கை, சூரல்மலையை அழிச்ச நிலச்சரிவு நடந்தது 2024 ஜூலை 30. கோவாவுல கடற்கரைக் குடில்கள் மூடியிருக்கும். இப்பவும் பாலி, இலங்கையின் கிழக்குக் கரை ரெண்டும் சரியான தேர்வு.

ஐப்பசி, கார்த்திகை (அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை): வடகிழக்குப் பருவமழை. மேட்டுப்பாளையம் - குன்னூர் மலை ரயில் பாதையில மண் சரிஞ்சு ரயில் ரத்தாகிற காலம். யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கிற அந்த ரயிலுக்காகவே ஊட்டி போற ஆளுங்க இதை கவனிங்க. வங்கக்கடல்ல புயல் வர்ற மாசங்கள் என்பதால அந்தமானும் ரிஸ்க். நவம்பர் பாதிக்கு மேல கோவா பரவாயில்லை. டிசம்பர் பிறந்தா மாலத்தீவும் தெளிய ஆரம்பிக்கும்.

3. இலங்கை சொல்லித் தர்ற பாடம்

இந்த மாசக் கணக்கை நல்லாப் புரிஞ்சுக்க இலங்கை சரியான உதாரணம். சின்ன நாடுதான், ஆனா ரெண்டு பருவமழையும் ரெண்டு பக்கமா பிரிஞ்சு பெய்யுது.

பெந்தோட்டை, காலி, மிரிஸ்ஸ இருக்கிற தெற்கு, மேற்குக் கரைக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். திருகோணமலை, பாசிக்குடா இருக்கிற கிழக்குக் கரைக்கு மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஆவணியில கல்யாணம் பண்ணிட்டு மிரிஸ்ஸவுக்கு பேக்கேஜ் போட்டா ரூம் ஜன்னல்ல மழையைப் பார்க்கலாம். அதே வாரம் திருகோணமலையில நிலாவெளி கடற்கரை அமைதியா இருக்கும். அங்கிருந்து படகுல புறாத்தீவுக்குப் போய் பவளப்பாறையும் மீனும் பார்க்கலாம். பாசிக்குடாவுல கடல் ரொம்ப தூரத்துக்கு ஆழமில்லாம இருக்கும், நீச்சல் தெரியாதவங்களும் இறங்கலாம்.

நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. திருகோணமலை, மட்டக்களப்புல தமிழ்லயே ஆட்டோ பேசலாம், தமிழ்லயே சாப்பாடு கேட்கலாம். கோணேஸ்வரம் கோயிலுக்கும் ஒரு நடை போயிட்டு வரலாம். பெரியவங்ககிட்ட "கோயிலுக்குத்தானுங்க போறோம்"னு சொல்லிக்கவும் ஆச்சு!

ஒரே நாடு, ஒரே பணம், ஒரே விமான டிக்கெட். எந்தக் கரைன்னு சரியா முடிவு பண்ணினா மட்டும் பயணமே மாறிடுது. பேக்கேஜ் விற்கிறவர்கிட்ட "இந்த மாசம் அந்த ஊர்ல மழை எப்படிங்க?"ன்னு முதல் கேள்வியா கேளுங்க. பதில் மழுப்பலா வந்தா அடுத்த ஆளைப் பாருங்க.

4. பக்கத்துல இருக்கறதையே தூரத்துல போய் வாங்காதீங்க

இலங்கைப் பேக்கேஜ்ல நுவரெலியா கட்டாயம் இருக்கும். தேயிலைத் தோட்டம், குளிர், பிரிட்டிஷ் காலத்து பங்களா. டெல்லிக்காரங்களுக்கு அது புதுசு. கோவைக்காரங்களுக்கு? ஊட்டி 90 கிலோமீட்டருக்குள்ள இருக்கு, குன்னூரும் கோத்தகிரியும் அதைவிடப் பக்கம். பொள்ளாச்சி தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறினா வால்பாறை.

நம்ம கொங்குப் பக்கத்துல மலைக்குப் பஞ்சமில்லை. இல்லாதது கடல்தான். வெளிநாட்டு நாட்களுக்கு காசு கொடுக்கும்போது, வீட்டுல இருந்து சனிக்கிழமை பைக்ல போக முடியாத ஒண்ணுக்குக் கொடுங்க. பேக்கேஜ்ல ரெண்டு இரவு நுவரெலியா இருந்தா, அதை எடுத்துட்டு கடற்கரையில ரெண்டு இரவு கேளுங்க, இல்லைன்னா மொத்த நாளைக் குறைச்சு காசை மிச்சம் பண்ணுங்க.

இதுக்கு மறுபக்கமும் உண்டு. பட்ஜெட் இறுக்கமா இருந்தா கோத்தகிரியில மூணு இரவு, வருஷம் முடியும்போது கடல்னு ரெண்டா பிரிச்சுக்கலாம். ஹனிமூன் கல்யாணத்துக்கு மறுவாரமே போகணும்னு எந்த சாஸ்திரத்துலயும் இல்லீங்க. மறுவீடு, விருந்து, குலதெய்வம் கோயில் எல்லாம் முடிச்சு, சொந்தக்காரங்க வீடு ஒரு சுத்து வந்த பிறகு, நல்ல மாசமாப் பார்த்துப் போறதுதான் புத்திசாலித்தனம்.

5. எவ்வளவு செலவு பண்ணலாம்?

எளிமையா ஒரு எல்லை வெச்சுக்கோங்க: ரெண்டு பேர் கையிலயும் வர்ற ஒரு மாசச் சம்பளம். அதுக்கு மேல போக வேண்டாம்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனை ஜோடி. மாப்பிள்ளை கோவையில ஐடி வேலை, கையில வர்றது ₹48,000. பொண்ணு திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனி, கையில ₹32,000. எல்லை ₹80,000.

இதை சேர்த்து வைக்கிறது எப்படி? மாசம் ₹8,000 வீதம் 12 மாசம் ஆர்டி போட்டா, 6.5% வட்டியில சுமார் ₹99,000 கையில வரும். ஒரு வருஷத்துக்குள்ள தேவைப்படற பணத்தை மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபியில பங்குச் சந்தைக்கு அனுப்பாதீங்க. முகூர்த்தத் தேதிக்கு மார்க்கெட் காத்திருக்காது.

இப்ப கடன் வாங்கினா என்ன ஆகும்? ₹1,50,000 பர்சனல் லோன், 14% வட்டி, 24 மாசம். இஎம்ஐ சுமார் ₹7,200. மொத்தம் கட்டறது சுமார் ₹1,72,800. வட்டி மட்டும் ₹22,800 போகுது. ஆறு நாள் பயணத்துக்கு ரெண்டு வருஷம் கட்டணும். அந்த ரெண்டு வருஷத்துலதான் வாடகை வீட்டு அட்வான்ஸ், ஃபிரிட்ஜ், சில பேருக்கு குழந்தையும் வரும். "இப்ப போங்க, அப்புறம் கட்டுங்க" விளம்பரத்துல இந்த வரி இருக்காது.

6. பேக்கேஜ் விலைக்கு வெளியே நிக்கிற செலவுகள்

டிசிஎஸ்: வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினா, விற்கிறவர் உங்ககிட்ட வரி பிடிச்சு அரசுக்குக் கட்டணும். 2025-26 நிதியாண்டுல ₹10 லட்சம் வரை 5% இருந்தது. அந்தக் கணக்குல ₹1,80,000 பேக்கேஜுக்கு ₹9,000 ஆச்சு. இது போன பணம் இல்லை, வருமான வரியில கழிச்சுக்கலாம், மீதி இருந்தா ரீஃபண்டா வாங்கலாம். சம்பளக்காரங்க ஆபீஸ்ல சொல்லி டிடிஎஸ்லயே சரி பண்ணிக்கறதுக்கு 2024 அக்டோபர்ல 12பிஏஏன்னு ஒரு படிவமும் வந்தது. ஆனாலும் புக் பண்ற அன்னைக்கு அந்தப் பணம் கையில இருக்கணும். பட்ஜெட்டுக்கு பட்ஜெட் விகிதம் மாறும், அதனால புக் பண்ற நாள்ல எவ்வளவுன்னு பாருங்க. டிக்கெட்டை மட்டும் தனியா, ரூமை மட்டும் தனியா வேற வேற இடத்துல எடுத்தா அது டூர் பேக்கேஜ் கணக்குல வராது.

கார்டு மார்க்அப்: வெளிநாட்டுல கார்டு தேய்ச்சா பல கார்டுகள்ல 3.5% வரை மார்க்அப், அது மேல 18% ஜிஎஸ்டி. சேர்த்தா 4.13%. ₹60,000 தேய்ச்சா ₹2,478 சத்தமில்லாம போயிடும். மார்க்அப் குறைவான கார்டு இருந்தா அதை எடுத்துட்டுப் போங்க.

மாலத்தீவு பசுமை வரி: 2025 ஜனவரி 1 முதல் ரிசார்ட்ல ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு 12 டாலர். மக்கள் வசிக்கிற தீவுல 50 ரூம் வரை இருக்கிற கெஸ்ட் ஹவுஸ்னா 6 டாலர். ரெண்டு பேர், நாலு இரவு, ரிசார்ட்: 96 டாலர். டாலர் ₹90னு வெச்சா ₹8,640. இது தவிர விமான நிலையத்துல இருந்து தீவுக்குப் போற ஸ்பீடு போட் அல்லது கடல் விமானக் கட்டணம் தனி. விசா இலவசம்னு சந்தோஷப்பட்ட பணம் இங்கே போயிடும். பேக்கேஜ்ல இது ரெண்டும் அடங்குமான்னு எழுத்துல வாங்குங்க.

பாலி: போய் இறங்கி வாங்கற விசாவுக்கு ஒரு ஆளுக்கு 5,00,000 ரூபியா. 2024 பிப்ரவரியில வந்த சுற்றுலா வரி 1,50,000 ரூபியா. ரெண்டு பேருக்கும் சேர்த்து 13,00,000 ரூபியா. கேட்க பயமா இருக்கும், நம்ம பணத்துல சுமார் ₹7,000.

நம்ம நாட்டு ரூம் ஜிஎஸ்டி: 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை ₹7,500 வரை 5%, அதுக்கு மேல 18%. ₹7,400 ரூம் வரியோட ₹7,770. ₹7,600 ரூம் வரியோட ₹8,968. ₹200 வித்தியாசம் பில்லுல ₹1,198 ஆகுது. அந்த எல்லையில இருக்கிற ரூமா இருந்தா கொஞ்சம் பேரம் பேசிப் பாருங்க.

7. இந்தியாவுக்குள்ள போனா எல்டிஏ

உங்க சம்பளத்துல எல்டிஏ இருந்து, நீங்க பழைய வரி முறையில இருந்தா, இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு வரி விலக்கு கேட்கலாம். நாலு காலண்டர் ஆண்டுக்கு ரெண்டு முறை. கல்யாணம் ஆனதும் துணையும் குடும்பத்துல சேர்ந்துடறதால ரெண்டு பேர் டிக்கெட்டும் கணக்குல வரும். டிக்கெட் செலவுக்கு மட்டும்தான், ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. வெளிநாட்டுக்கும் கிடையாது.

தை மாசத்துல அந்தமான் போற ஜோடிக்கு இது நல்லா உதவும். ஸ்வராஜ் தீவுன்னு இப்ப பேர் மாறியிருக்கிற ஹேவ்லாக் தீவுல ராதாநகர் கடற்கரை இருக்கு. பாஸ்போர்ட் வேண்டாம், மார்க்அப் இல்லை, டிசிஎஸ் இல்லை. இன்னும் குறைவா வேணும்னா கோவை வழியா ஆலப்புழைக்கு நேரடி ரயிலே இருக்கு. ரயில் முன்பதிவு இப்ப 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்கும், காலண்டர்ல குறிச்சு வைங்க.

8. ஒரு முழுக் கணக்கு

நம்ம கற்பனை ஜோடிக்கு ஆவணியில முகூர்த்தம். திருகோணமலைன்னு முடிவு பண்றாங்க. கீழே இருக்கிற தொகை எல்லாம் முறை புரியறதுக்காகப் போட்டது. நீங்க புக் பண்ற நாள் விலையை அந்த இடத்துல போட்டுக்கோங்க.

- கோவையிலிருந்து கொழும்பு போய் வர, ரெண்டு பேருக்கு: ₹34,000
- ரூம், 5 இரவு × ₹4,000: ₹20,000
- அங்கே வண்டி: ₹10,000
- சாப்பாடு, படகு, சுத்திப் பார்க்க: ₹10,000
- இணையத்துல எடுக்கிற நுழைவு அனுமதி, பயணக் காப்பீடு, சிம்: ₹4,000
- கூட்டினா: ₹78,000
- எதிர்பாராத செலவுக்கு 10%: ₹7,800
- மொத்தம்: ₹85,800

எல்லையைத் தாண்டிடுச்சு. 10% கையிருப்பை வெட்டினா சரியாயிடும்னு தோணும். அதை மட்டும் தொடாதீங்க, உடம்பு சரியில்லாமப் போனா அதுதான் காப்பாத்தும். ஒரு இரவைக் குறைங்க. ரூம் ₹4,000, சாப்பாடு ₹2,000 குறையுது. ₹72,000, கையிருப்பு ₹7,200, மொத்தம் ₹79,200. எல்லைக்குள்ள வந்தாச்சு.

லீவையும் செலவாப் பாருங்க. கல்யாண லீவு தீர்ந்து சம்பளம் பிடிச்சா, இந்த ஜோடிக்கு ஒரு நாளைக்கு ₹1,600 + ₹1,067 = ₹2,667. மூணு நாள்னா ₹8,000. குறைச்ச அந்த ஒரு இரவு இங்கேயும் மிச்சம் பண்ணிக் கொடுக்குது.

9. பணம் கட்டறதுக்கு முன்னாடி

- பேர்: டிக்கெட்டுல பேர் பாஸ்போர்ட்டுல இருக்கிற மாதிரியே இருக்கணும். கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியல் மாறும்னு புதுப் பேர்ல டிக்கெட் போடாதீங்க. பழைய பாஸ்போர்ட், பழைய பேர், பிரச்சினை இல்லை.
- பாஸ்போர்ட்: திரும்பி வர்றப்பவும் ஆறு மாசத்துக்கு மேல காலாவதி இருக்கான்னு பாருங்க. புதுசா எடுக்க சாதாரண முறையில ₹1,500. தட்கல்ல போனா இன்னொரு ₹2,000. நிச்சயம் ஆன உடனே விண்ணப்பிச்சா இந்த ₹2,000 மிச்சம்.
- ரத்து: முகூர்த்தம் தள்ளிப் போறது நம்ம வீடுகள்ல சகஜம். ரூமை இலவசமா ரத்து பண்ணக்கூடிய விலையில எடுங்க, கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை.
- விமான நிலையம்: கொச்சியில இருந்து மாலேவுக்கு நேரடியாப் பறக்கலாம். ஆனா கோவையில இருந்து கொச்சி போற கார் வாடகையையும் டிக்கெட் விலையோட கூட்டினாதான் உண்மையான விலை தெரியும்.

10. கடைசியா, ரெண்டு பேரும் பேசுங்க

மாப்பிள்ளை சர்ப்ரைஸ் கொடுக்கறேன்னு தனியா லோன் போட்டு டிக்கெட் எடுக்கறது சினிமாவுல நல்லா இருக்கும். வீட்டுல அந்த லோன் மூணாவது மாசம் தெரிய வரும்போது பேச்சு ஹனிமூனைப் பத்தி இருக்காது, "என்கிட்ட ஏன் சொல்லலை?"ன்னுதான் இருக்கும். பொண்ணு கையிலயும் சம்பளம் இருக்கு, கருத்தும் இருக்கு. மாமா பேக்கேஜ் எடுத்துத் தர்றேன்னு சொன்னாலும், எந்த ஊர், எந்த மாசம்னு நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு அவர்கிட்ட சொல்லுங்க.

நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவுல போன்ல மணிக்கணக்கா பேசறீங்க இல்லீங்களா? அதுல ஒரு அரை மணி நேரம் இதுக்கு ஒதுக்குங்க. "உங்களுக்கு கடலா, மலையா?"ன்னு ஆரம்பிங்க. அப்படியே "எனக்கு பைக் லோன் இன்னும் எட்டு மாசம் இருக்குங்க, உங்களுக்கு ஏதாச்சும் இருக்குங்களா?"ன்னு கேளுங்க. முதல் தடவை கொஞ்சம் கூச்சமா இருக்கும். ஆனா நாளைக்கு வீட்டு லோன், குழந்தை படிப்பு, அப்பா அம்மா மருத்துவச் செலவுன்னு எல்லாத்துக்கும் இதே பேச்சுதான் பேசியாகணும். கடற்கரைக்காகப் பேசிப் பழகினா அப்புறம் சுலபம்.

இன்னைக்கு செய்ய வேண்டியது மூணே மூணு: முகூர்த்த மாசத்தை மேலே இருக்கிற பட்டியல்ல பாருங்க, ரெண்டு சம்பளத்தையும் கூட்டி எல்லையை எழுதுங்க, ஆர்டி ஒண்ணு ஆரம்பிங்க. ஊர் தானா முடிவாகும்.

நல்லபடியா போயிட்டு வாங்க!